சம்பா பழுக்கும் சாலையில்

இலை நிறம் மாறுவதைப் பார்ப்பதற்கென்றே காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் செப்டம்பர் கடைசியில் மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கும். முதலில் வடக்கே, மலைமேல். பிறகு நிறம் மெல்லத் தெற்கே இறங்கிப் பள்ளத்தாக்குகளுக்கு வரும். எந்த வாரம் எந்த ஊருக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று வரைபடம் போட்டே சொல்லிவிடுகிறார்கள். என் நண்பரின் மகள் பாஸ்டனில் இருப்பதால் ஆண்டுதோறும் அக்டோபரில் அவருடைய செல்பேசி சிவந்துவிடும். படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஒருமுறை கேட்டார்: "ஏனுங்க, நம்ம சீமையில இப்படி ஒண்ணும் பழுக்காதுங்களா?"

பழுக்கும். லட்சக்கணக்கான ஏக்கரில் பழுக்கும். மரத்தில் இல்லை, வயலில். அதற்கும் ஒரு வரைபடம் உண்டு. அதை எழுதுவது ஆறு. தை பிறக்கும் முன் தஞ்சாவூர்ப் பக்கம் போய்வரலாம் என்று சொன்னேன். அவருக்கு மஞ்சள் வெட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. கிளம்பிவிட்டோம்.

நாங்கள் இருவரும் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். காவிரி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் பக்கத்தில் காவிரி பள்ளத்தில் ஓடுகிற ஆறு. கொடுமுடியில் படியிறங்கிப் போய்த்தான் அதைத் தொட வேண்டும். தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவதே எங்கள் பிழைப்பு. கல்லணையைத் தாண்டியதும் இது அப்படியே தலைகீழ். கரைமேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆற்றுக்கும் கீழே வயல். மதகைத் திறந்தால் போதும், தண்ணீர் தானாக இறங்கிப் போய்விடும். நண்பர் கரைமேல் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டும் காற்று மட்டுமே வந்த தோட்டத்தின் சொந்தக்காரர் அவர். கொஞ்ச நேரம் பேசவில்லை.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. முதல் மூன்றும் பாசனத்துக்கு, கொள்ளிடம் வெள்ளத்துக்கு. கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் பழைய அணையோடு, 1934-இல் மேட்டூர் அணை எழுந்த காலத்தில் வெட்டிய கல்லணைக் கால்வாயும் சேர்ந்துதான் இன்றைய ஏற்பாடு. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. தண்ணீர் இருந்தால்தான் மரபெல்லாம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அணை தள்ளித் திறந்தால் நடவு தள்ளும், நடவு தள்ளினால் பழுப்பதும் தள்ளும். வெர்மான்டில் குளிரும் குறையும் பகலும் செய்கிற வேலையில் பாதியை இங்கே மேட்டூர்ச் சாவி செய்கிறது.

கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு போகும் சாலை பச்சைச் சாலை. இரண்டு பக்கமும் வாழை, மூங்கில் கொல்லை, நடுநடுவே நெல். அந்த நெல்லும் பச்சையாகத்தான் நின்றது. நிறம் பார்க்க வந்தவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆற்றின் தலைப்பில் இருக்கிற வயல்தானே முதலில் பழுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பார்வைக்கு நியாயமான கணக்கு. ஆனால் தலைப்பு ஊர்களில் பம்புசெட்டும் உண்டு. ஆனியில் குறுவை போட்டு, புரட்டாசியில் அறுத்துவிட்டு, அதே வயலில் ஐப்பசியில் தாளடி நடுகிறார்கள். தாளடி பழுக்க மாசி ஆகும். கடைமடைக்காரர்களுக்கு இரண்டு போகத்துக்குத் தண்ணீர் எட்டாது. ஆவணி, புரட்டாசியில் புழுதியிலேயே விதையைத் தெளித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். ஒரே போகம், சம்பா. அது தையில் பழுத்துவிடும். ஆக, ஆற்றின் வால்பக்கம் போகப் போகத்தான் மஞ்சள் கூடும். ஏழை வயல் முதலில் பொன்னாகிறது என்று எழுத ஆசைதான். வழியில் பிறகு சந்தித்த பெரியவர் ஒருவர் அந்த ஆசையைக் கெடுத்துவிட்டார், அதற்கு வருகிறேன்.

திருவையாற்றில் அசோகா சாப்பிட்டோம். செக்கச்சிவந்த அல்வா, பாசிப்பருப்பில் செய்வது. நெல் அறுத்த ஈரத்திலேயே இந்தச் சீமையில் பயறு விளைகிறது என்று தெரிந்தபின் சாப்பிட்டால் இன்னும் ருசிக்கிறது. அங்கிருந்து தஞ்சாவூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். ஒவ்வொரு பாலத்திலும் நண்பர் "இதும் காவிரிதானுங்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் பதில் ஆமாம்தான்.

தஞ்சாவூரில் பெரிய கோயில் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் 1010-இல் எழுந்த கல்லைப் பார்க்க வந்தவர்கள். பார்க்க வேண்டியதுதான். கல்லே இல்லாத வண்டல் நாட்டில் இத்தனை கல்லைக் கொண்டுவந்து நிறுத்தியதே பெரிய காரியம். ஆனால் அந்தக் கோயிலை நடத்த நெல்லும் நாணயமாக ஓடியது. அதன் சுவரெழுத்துகளில் கலம் கலமாக நெல்லைப் பற்றியும் பேச்சு உண்டு. அந்த நெல் ஊருக்கு வெளியே நிறம் மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்க ஒரு பேருந்துகூட நிற்பதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. பேருந்து நின்றால் பஜ்ஜிக் கடை வரும், பிறகு வயலுக்கு நடுவே நின்று படமெடுக்கக் கட்டணம் வரும்.

நீடாமங்கலத்துக்கு முன்னாலேயே நிறம் தொடங்கிவிட்டது. முதலில் ஒரு கட்டம் மஞ்சள், பக்கத்தில் இளம்பச்சை, அதற்கடுத்துப் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒன்று. பிறகு பச்சை குறைந்துகொண்டே வந்தது. மூணாறு தலைப்பில் வெண்ணாறு கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிந்து போகிறது. அதைத் தாண்டி மன்னார்குடிச் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் அடிவானம் வரை ஒரே மஞ்சள். எங்கள் பக்கம் எங்கே நின்றாலும் கண்ணுக்கு ஒரு மலை தடுக்கும். இங்கே தடுக்க எதுவுமில்லை. தூரத்தில் ஒரு தென்னை வரிசை, ஒரு கோபுரம், மேலே வானம். காலைப் பனி இன்னும் விலகாததால் மஞ்சள் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கிட்டப் போனால்தான் அது ஒரே மஞ்சள் இல்லை என்பது புரிகிறது. கதிர் வெங்கல நிறம், தாள் வைக்கோல் நிறம், அடித்தூரில் மட்டும் ஒட்டிக்கொண்ட பச்சை. ஒரு வயலில் கருங்குறுவை. உமி கறுத்து, வயலே தீய்ந்ததுபோல நின்றது. இன்னொன்றில் ஆளுயர மாப்பிள்ளைச் சம்பா கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் விதைத் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுப் பரப்பினார். அவர் 2018-இல் மறைந்தார். அவர் கைமாற்றிய விதைகள் இப்படி இடையிடையே வேறு நிறம் காட்டுகின்றன.

மேப்பிள் இலையும் நெல் இலையும் பழுப்பது ஏறக்குறைய ஒரே வேலைதான். பச்சையம் உடைகிறது, அதற்குள் முடங்கிக் கிடந்த தழைச்சத்தைச் செடி திரும்ப எடுத்துக்கொள்கிறது, பச்சைக்கு அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. மேப்பிள் எடுத்த சத்தைக் கிளையிலும் வேரிலும் பத்திரப்படுத்தி அடுத்த வசந்தத்துக்கு வைத்துக்கொள்கிறது. சம்பாவுக்கு அப்படி ஒரு வசந்தம் இல்லை. கதிருக்குக் கீழே நிற்கும் கண்ணாடி இலை கடைசிவரை பச்சையாக இருந்து மாவு செய்து அனுப்புகிறது. பிறகு தன்னிடம் உள்ள சத்தையும் மணிக்கே கொடுத்துவிட்டுக் காய்கிறது. அந்த மஞ்சளைத்தான் நாம் பின்னால் தட்டில் போட்டுக்கொள்கிறோம். இதை நண்பரிடம் விளக்கிக்கொண்டிருக்கும்போது வரப்பில் வந்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டார். பிறகு வயலின் நடுவே ஒரு வட்டத்தைக் கைகாட்டினார். மற்ற இடத்தைவிட அடர்ந்த பழுப்பு.

"அது வெளைஞ்சது இல்ல தம்பி. புகையான்."

புகையான் என்பது தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி. அது விழுந்த இடம் வட்டமாகக் காய்ந்து, தூரத்துக்குப் பழுத்ததைப் போலவே தெரியும். அழகு பார்க்க வந்தவர்களுக்கு இரண்டும் ஒரே நிறம். அவருக்கு ஒன்று மூட்டை, இன்னொன்று பதர். மழையைப் பற்றியும் அவரே சொன்னார். 2021 ஜனவரியில் அறுக்கும் நேரத்தில் கொட்டித் தீர்த்த மழையில் பழுத்த கதிர் தண்ணீரில் சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டுவிட்டது. வயல் மஞ்சளாகத் தொடங்கியதும் இவர்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டினாலும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் மறுபடி சாலையில் பரப்பிக் காயவைக்க வேண்டும். நாங்கள் வந்த வழியெல்லாம் பாதிச் சாலையில் நெல் கிடந்தது. நண்பர் ஒரு மணியைக்கூட மிதிக்காமல் வண்டி ஓட்டினார். அதற்காக எதிரே வந்த லாரிக்காரரிடம் திட்டும் வாங்கினார்.

சிவப்பு வேண்டுமென்றால் முத்துப்பேட்டைக்குப் போக வேண்டும். கோரையாறும் பாமணியாறும் அங்கேதான் கடலில் முடிகின்றன. ஜாம்புவானோடையில் படகேறினோம். ஆற்றின் இரு கரையிலும் அலையாத்தி மரங்கள், சேற்றுக்கு மேலே நீட்டிய மூச்சு வேர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டை முறித்துப்போட்டது. அதற்கும் முன்பே வெட்டி வெட்டி மொட்டையான இடங்களில், மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, உப்பு நீர் தேங்காமல் கடல் நீரை உள்ளே போய்வர விட்டு மரத்தை மீட்டிருக்கிறார்கள். நெல்லுக்கு வாய்க்கால் வெட்டுகிற ஊர், காட்டுக்கும் வாய்க்கால் வெட்டியிருக்கிறது.

படகுக்காரர் ஓர் அலையாத்தி இலையைப் பறித்து நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு. மரம் குடித்த உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது. நண்பருக்கு உற்சாகம் வந்து, மேட்டுப்பக்கம் நின்ற இன்னொரு மரத்துக்குக் கை நீட்டினார். படகுக்காரர் பதறிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"ஐயா, அது தில்லை! பால் பட்டா கண்ணு போயிரும்."

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரம். உடைத்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வை மங்கிப்போகும். அந்த மரத்தில்தான் நாங்கள் தேடிவந்தது இருந்தது. உதிரப் போகும் இலைகள் ஆரஞ்சும் சிவப்புமாகப் பளபளத்தன. மரம் முழுதும் ஒரே நாளில் சிவப்பதில்லை. ஒரு கிளை சிவப்பு, அடுத்த கிளை பச்சை, சிவந்த இலைகள் சில ஏற்கெனவே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. மகளுக்கு அனுப்ப நண்பர் படமெடுத்தார். பாஸ்டனிலிருந்து உடனே பதில் வந்தது: இது எந்த ஊர் மேப்பிள் என்று.

வேதாரண்யம் உப்பளத்தையும் கோடியக்கரையையும் வேகமாகப் பார்த்தோம். கோடியக்கரைக் காடு பசுமை மாறாக் காடு. பாலை மரம் நிறமெல்லாம் மாற்றிக்கொள்வதில்லை. பூநாரைகள் தூரத்தில் வெளிர்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. அதை நிறக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிறிது நேரம் வழக்காடினோம்.

திரும்பும்போது மன்னார்குடிச் சாலையில் பெரியவரின் வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது. ஈர வயல் என்பதால் பெல்ட் வண்டி. போகும்போது அடிவானம் வரை தெரிந்த மஞ்சளில் ஒரு கட்டம் சாப்பாட்டு வேளைக்குள் காலி. கதிர் உள்ளே போய் நெல்லாகத் தொட்டியில் விழுந்தது, வைக்கோல் பின்னால் கொட்டியது. மேப்பிளுக்கு இலை உதிரச் சில வாரமாவது ஆகும். முன்பெல்லாம் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்களாம். தாள் அறுபடும்போது கீழே இரண்டிலை விட்டிருக்கும். இப்போது வண்டியின் பெல்ட்டில் முளை நசுங்கிவிடுவதால் பலர் அதை விட்டுவிட்டார்கள். பெரியவர் விடவில்லை. வண்டி திரும்பாத மூலைகளில் தாளுக்கடியில் பச்சை எட்டிப்பார்ப்பதைக் காட்டினார்.

வரப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம்.

"ஈரோடா? மஞ்சளு எத்தனை மாசப் பயிரு?"

"பத்து மாசமுங்க" என்றார் நண்பர்.

"பத்து மாசமா! அந்தப் பத்து மாசத்துல நான் குறுவை எடுத்து, தாளடி எடுத்து, உளுந்தையும் பறிச்சிருப்பேனே."

"தண்ணி வந்தா?"

பெரியவர் சிரித்துவிட்டார். "வந்தா" என்று சொல்லிவிட்டு, வண்டிக்காரரிடம் வாடகை பேச எழுந்து போனார்.