தீவு வாங்கப் போன கதை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா அது மட்டும் காரணம் இல்லை. நடுவுல நான் ஒரு தீவு வாங்கப் போயிருந்தேன். சிரிக்காதீங்க மக்களே, நிஜமாத்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். போன வருஷம் ஒரு ராத்திரி ரெண்டரை மணி. புரொடக்‌ஷன்ல ஏதோ ஒரு சர்வர் மண்டையைப் போட்டுடுச்சு. டேமேஜர் ஃபோன், அவருக்கு மேல இருக்கறவர் ஃபோன், கிளையண்ட் ஃபோன். எல்லாரும் ஒரே கேள்வியை ஒரே குரல்ல கேக்கறாங்க, 'எப்ப சரியாகும்?' ஒருவழியா சரி பண்ணி முடிக்கும்போது மணி அஞ்சு. தூக்கம் வரலை. சும்மா இருக்காம கூகுளாண்டவர்கிட்ட போய் 'தனித் தீவு விற்பனைக்கு'ன்னு தட்டினேன்.

நெசமாவே விக்கறாங்க! கத்திரிக்காய் விக்கற மாதிரி, படம் போட்டு, விலை போட்டு. கனடாவுல ஏரிக்கு நடுவுல காடு மண்டின தீவு, அதுல ஒரு மரவீடு, படகு கட்ட ஒரு துறை. கடைசியா ஒரு வரி: பக்கத்து வீடு கிடையாது. அந்த வரியிலதான் நான் விழுந்தேன்.

அப்புறம் ஒரு மாசம் அதே வேலை. பிரண்டன் கிரிம்ஷான்னு ஒரு ஆங்கிலேயர். பத்திரிகை ஆசிரியர். 1962-ல் செஷல்ஸ் நாட்டுல மொயேன்ங்கற குட்டித் தீவை 8,000 பவுண்டுக்கு வாங்கிட்டார். மொத்தமே 25 ஏக்கர்கூட தேறாது. பல வருஷமா ஆளில்லாம புதர் மண்டிக் கிடந்த இடம். ரெனே லாஃபார்ட்யூன்னு ஒரு உள்ளூர்க்காரரைக் கூட வச்சுக்கிட்டு 16,000 மரம் நட்டார், பாதை போட்டார், ராட்சச ஆமைகளைக் கொண்டு வந்து வளர்த்தார். கோடிக்கணக்குல விலை கேட்டு வந்தப்பவும் விக்கலை. தனக்கப்புறம் அது தேசியப் பூங்காவா இருக்கணும்னு அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டுட்டு 2012-ல் போய்ச் சேர்ந்தார். இதைப் படிச்சதும் 'இதுடா வாழ்க்கை!'ன்னு தோணுச்சு.

சரி, நம்ம ஊர்ல இது நடக்குமா? பாத்தேன். மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருக்கு. 1986-லயே அதெல்லாம் கடல்சார் தேசியப் பூங்கா ஆயாச்சு. லட்சத்தீவு? அங்க போறதுக்கே அனுமதி வாங்கணும். நிலம் அந்த ஊர்ப் பழங்குடி மக்களோடது, வெளியாள் கைக்குப் போகக்கூடாதுன்னு 1964-லயே சட்டம் போட்டுட்டாங்க. (நல்ல வேளை போட்டாங்க. இல்லைன்னா என்னை மாதிரி நாலு பேர் போதும்.) இலங்கையில வெலிகம பக்கத்துல தப்ரபேன்னு ஒரு குட்டித் தீவு இருக்கு. ஒரு பிரெஞ்சுக்காரர் அங்க பங்களா கட்டினார், 1950-கள்ல பால் பவுல்ஸ்ங்கற அமெரிக்க எழுத்தாளர் அதை வாங்கினார். இப்ப வாடகைக்கு விடறாங்க. ஒரு ராத்திரி வாடகையைப் பாத்துட்டு அந்தப் பக்கத்தை மூடிட்டேன்.

ஆக, தண்ணியில தீவு நமக்கு இல்லை. தரையில? அப்பத்தான் ஞாபகம் வந்தது, எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா தெரியற மலை.

நான் சேலத்துக்காரன். சின்ன வயசுல இருந்து வடக்குப் பக்கம் திரும்பினா சேர்வராயன் மலை. சமவெளிக்கு நடுவுல தனியா எழும்பி நிக்கும். காலையில மேகம் அடிவாரத்தைச் சுத்திக்கிட்டா அச்சு அசல் தீவுதான். மேல ஏற்காடு, ஏறத்தாழ 5,000 அடி. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா போதும், பேனை அணைச்சுடலாம். அங்க ஒரு மூணு ஏக்கர் காடு, ஒரு ஓட்டு வீடு, ஃபோன்ல சிக்னல் வராத ஒரு மூலை. போதும்யா!

அட, கர்நாடகாவுல குடகுப் பக்கம் பமேலா, அனில் மல்ஹோத்ரா தம்பதி 1991-ல் விவசாயம் கைவிட்ட 55 ஏக்கரை வாங்கி, காட்டை அதுபாட்டுக்கு வளர விட்டு, பக்கத்து நிலங்களையும் சேர்த்து சுமார் 300 ஏக்கர் சரணாலயமா ஆக்கலையா? அவங்க 55-ல ஆரம்பிச்சாங்க, நான் மூணுல ஆரம்பிக்கறேன். அவ்ளோதான் வித்தியாசம் :)

பெங்களூர்ல இருந்து சனி, ஞாயிறு ஆனா வண்டியை எடுத்துக்கிட்டு ஏற்காடு. ஒரு புரோக்கர் சிக்கினார். அவர் காட்டின முதல் இடம் நம்ப முடியாத விலை. ஏன்னு நோண்டினா, அது மலைவாழ் மக்களுக்கு அரசாங்கம் நிபந்தனையோட ஒப்படைச்ச நிலம். கலெக்டர் அனுமதி இல்லாம வெளியாள் வாங்கக்கூடாது. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார். நான் பாத்துக்கலை, ஓடி வந்துட்டேன்.

இந்த ஓட்டத்துல நானும் நாலு விஷயம் கத்துக்கிட்டேன். ஏற்காட்டுல நிலம் வாங்க நினைக்கறவங்களுக்கு உபயோகப்படும். மலைப் பகுதியில கட்டடம் கட்டணும், மனை பிரிக்கணும்னா 1990-ல் அமைச்ச மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும விதிகள் வரும். 'காடு'ங்கறது சும்மா பேச்சுக்குச் சொல்றது இல்லை. தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம்னு 1949-ல் இருந்தே ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ வர்ற காடுன்னா, பட்டா உங்க பேர்லயே இருந்தாலும் குழுவோட முன் அனுமதி இல்லாம விக்கவும் முடியாது, மரம் வெட்டவும் முடியாது. அதனால பட்டா, சிட்டா, அடங்கல், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, புல வரைபடம் எல்லாத்தையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க.

நாலாவது மாசம், நாகலூர் தாண்டி ஒரு இடம் அமைஞ்சது. மூணேகால் ஏக்கர். பழைய காபித் தோட்டம், பராமரிப்பு இல்லாம விட்டு காடா ஆயிருந்தது. உசரமா சில்வர் ஓக், அதுமேல மிளகுக் கொடி, நடுவுல ரெண்டு பெரிய பலா மரம். காட்டெருமை வந்து போன குளம்புத் தடம். சரிவோட அடியில ஒரு சுனை, பாறைக்கு நடுவுல இருந்து கண்ணாடி மாதிரி தண்ணி. நான் அந்தப் பாறையில உக்காந்து ஃபோனை எடுத்துப் பாத்தேன். சிக்னல் கோடு ஒண்ணுகூட இல்லை. கண்ணுல தண்ணி வந்துடுச்சுங்க.

முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு. சுத்தம். ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டேன்.

அடுத்த வாரம், யாருக்கும் சொல்லாம நான் மட்டும் போனேன். காலையில ஆறரை மணி, நல்ல பனி. சுனைகிட்ட 'என் தீவு'ல உக்காந்திருக்கேன். பேச்சுக் குரல். நாலு பெண்கள், தலையில ஒண்ணு இடுப்புல ஒண்ணுன்னு குடம். அவங்க பின்னாடி ஸ்கூல் பையோட ரெண்டு பசங்க. என்னைப் பாத்துட்டு சட்டுனு நின்னுட்டாங்க. என் வீட்டுக் கொல்லையில அந்நியர் நுழைஞ்ச மாதிரி நான் பாக்கறேன், அவங்க வீட்டுக் கொல்லையில அந்நியன் நுழைஞ்ச மாதிரி அவங்க பாக்கறாங்க.

பின்னாலயே ஒரு பெரியவர் வந்தார். அந்தத் தோட்டத்துல முன்ன வேலை பாத்தவராம்.

"நீங்கதான் வாங்கப் போறவங்களா தம்பி?"

"ஆமாங்கய்யா."

"வேலி போடுவீங்களா?"

எனக்கு பதில் வரலை. "இன்னும் யோசிக்கலைங்கய்யா" என்றேன். பொய். எந்தக் கம்பி, எத்தனை கல்லுன்னு எக்செல் ஷீட்டே போட்டு வச்சிருந்தேன்.

"கோடையில மேல குழாய்ல தண்ணி வராதுங்க. இந்த ஊத்துதான். எங்கப்பன் காலத்துல இருந்து இதே தடந்தான்" என்றார். கோபமா சொல்லலை, கெஞ்சலை. பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி சொன்னார்.

தெரியாதவங்களுக்கு: ஏற்காட்டு மலையாளிகள்னா கேரளாக்காரங்க இல்லை. மலையை ஆள்றவங்க, மலையில இருக்கறவங்க, அந்த அர்த்தம். பேசறது தமிழ். ரொம்ப காலத்துக்கு முன்னாடி காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணன் தம்பிங்க கிளம்பி, ஒருத்தர் சேர்வராயனுக்கும், ஒருத்தர் பச்சைமலைக்கும், ஒருத்தர் கொல்லிமலைக்கும் போனாங்கன்னு அவங்க கதை சொல்லுது. மலை உச்சியில குகைக்குள்ள இருக்கற சேர்வராயன் சாமி அவங்க சாமி. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்க காபியைக் கொண்டு வந்தார். அதுக்கப்புறம் எஸ்டேட் எஸ்டேட்டா மலை கை மாறிச்சு. ஒவ்வொரு தடவையும் வாங்கினவர் 'யாருமில்லாத காடு'ன்னு நினைச்சுத்தான் வாங்கியிருப்பார் போல. வரிசையில கடைசி ஆள் நான், கையில லேப்டாப் பையோட.

புரோக்கருக்கு ஃபோன் போட்டேன். "அதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல சார். கம்பி வேலி போட்டு கேட்டைப் பூட்டிட்டா ஒரு மாசத்துல பழகிடுவாங்க."

வக்கீலா இருக்கற மாமாகிட்ட கேட்டேன். "மாப்ளே, வில்லங்கச் சான்றுல பதிவான பத்திரம்தான்டா வரும். நடந்து போற கால் எல்லாம் அதுல வராது. 1882-ல் இருந்து வசதியுரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. 20 வருஷம் தடையில்லாம, உரிமையோட நடந்திருந்தா வழி அவங்களுக்கும் உண்டு. ஆனா அதை கோர்ட்ல நிரூபிக்க அவங்களுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு யோசி. அதுவரைக்கும் உன் கேட் பூட்டியே இருக்கும்" என்றார். சட்டப்படி என்ன பண்ணலாம்னு கேட்டா, என்ன பண்ணக்கூடாதுன்னு சொல்லிட்டார் மனுசன்.

வேலி போடாம வாங்கலாமேன்னு நீங்க கேக்கலாம். நானும் ரெண்டு ராத்திரி அதைத்தான் யோசிச்சேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, நான் வாங்க நினைச்சது நிலத்தை இல்லை. 'பக்கத்து வீடு கிடையாது'ங்கற அந்த வரியை. தினமும் காலையில நாலு குடமும் ரெண்டு ஸ்கூல் பையும் கடந்து போற இடத்துல அந்த வரி இல்லை. அதை உண்டாக்கணும்னா யாரையாவது வெளிய தள்ளணும்.

இந்தக் குழப்பத்தோட சேலம் வீட்டுக்குப் போனேன். அப்பா மட்டும்தான் இருக்கார். அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டு தோசை ஊத்திப் போட்டார், சட்னி கொஞ்சம் உப்பு ஜாஸ்தி. சாப்பிட்டுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். தீவு, கிரிம்ஷா, மூணேகால் ஏக்கர், ஒரு லட்சம். ஒரு லட்சம்னதும் திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை.

"எதுக்குடா அது?"

"தனியா இருக்கணும்பா. கொஞ்ச நாள் யாரும் கூப்பிடாத இடத்துல..."

அவர் தோசைக் கல்லைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "தனியா இருக்கறதுக்குக் காசு குடுக்கணுமாடா? எனக்கு சும்மாவே கிடைச்சிருக்கே."

கிண்டலாத்தான் சொன்னார். சிரிச்சார்கூட. எனக்குத்தான் தோசை இறங்கலை. நாலு மாசமா பதினஞ்சு தடவையாவது ஏற்காடு போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சேலத்தைத் தாண்டித்தான் போனேன். வீட்டுக்கு வந்தது மூணு தடவை.

அன்னிக்கு ராத்திரி மறுபடி கிரிம்ஷாவைப் பத்திப் படிச்சேன். முதல் தடவை கவனிக்காம விட்ட ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. வயசான காலத்துல அவரோட அப்பாவும் அந்தத் தீவுக்கே வந்து மகன்கூட இருந்திருக்கார். இப்ப ரெண்டு பேர் கல்லறையும் அங்கதான் இருக்கு. உலகத்துலயே தனிமைக்குப் பேர் போன மனுசன்னு நான் நினைச்சவர்கூட கடைசியில தனியா இல்லை. கூட மரம் நட ஒரு ஆள், பக்கத்துல அப்பா.

டோக்கன் என்னாச்சுன்னு கேப்பீங்க. மூணு மாசம் நடையா நடந்து பாதி திரும்பி வந்தது. மீதி ஐம்பதாயிரம் அம்பேல். அந்த இடத்தை வேற யாராவது வாங்குவாங்க, வேலியும் போடுவாங்களா இருக்கும். நான் விலகினதால அந்த ஊத்து பிழைச்சுடுச்சுன்னு எல்லாம் சொல்ல முடியாது. அது இன்னமும் மனசுல உறுத்துது. மாமாவை விட்டு, அந்தத் தடத்தை வரைபடத்துல பாதையா பதிவு பண்ணச் சொல்லி ஊர்க்காரங்க பேர்ல தாசில்தாருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க வச்சேன். பதினெட்டுப் பேர் கையெழுத்து, அதுல ஏழு கைநாட்டு. பதில் இன்னும் வரலை.

இப்ப மாசத்துல ரெண்டு வாரக் கடைசி சேலம். ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவை வண்டியில பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். குப்பனூர் வழியா, அந்தப் பக்கம் கூட்டம் கம்மி. பெரியவர் வீட்டு வாசல்ல கட்டில் போட்டு உக்கார வச்சு கடுங்காபி கொடுத்தாங்க. அப்பாவும் அவரும் மிளகு விலை, முட்டி வலி, பேரப் பசங்கன்னு ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் நிறுத்தலை. எனக்கு அங்க பேச ஒண்ணும் இல்லை. ஃபோன்ல சிக்னலும் இல்லை.

திரும்பி வரும்போது ஒரு வளைவுல அப்பா தோளைத் தட்டினார். "அடுத்த மாசமும் வரலாமாடா?"