பார் இல்லாத சைக்கிள்

எங்கள் தலைமுறைப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சைக்கிள் உடற்பயிற்சி இல்லை. கை, கால் மாதிரி அதுவும் ஓர் உறுப்பு. குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பாருக்கு மேல் கால் தூக்கிப் போடும் உயரம் வந்த அன்றே பெரிய மனிதராகிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வில்லியனூர்த் தேர், வீராம்பட்டினம் திருவிழா எல்லாவற்றுக்கும் அதுதான் வாகனம். கோரிமேட்டுப் பக்கம் தவிர மற்றபடி சமதளமான ஊர். மிதித்தால் போதும், வண்டி தானாகப் போகும். வேலையில் சேர்ந்த பிறகும் பல வருஷம் டிபன் பாக்ஸ் கேரியரில், குடை ஹேண்டில்பாரில் என்றுதான் அலுவலகம் போய்வந்தேன். அப்புறம் மொபெட் வந்தது, ஸ்கூட்டர் வந்தது. பழைய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்து, ஒருநாள் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் ஏறிப் போய்விட்டது.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் காலை பத்து மணிக்குள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவனுக்கு, திடீரென்று எந்தப் பதிவேடும் இல்லாமல் போகிறது. எட்டு மணிக்கு எழுந்தாலும் கேட்பாரில்லை, எழாவிட்டாலும் கேட்பாரில்லை. முதல் ஆறு மாதம் அது சுகம். அதன் பிறகு மெல்ல மெல்ல, எதற்காக எழ வேண்டும் என்று தோன்ற ஆரம்பிக்கும். எனக்கு அதோடு சர்க்கரையும் மூட்டு வலியும் சேர்ந்துகொண்டன.

எனக்கு 68 வயது நடந்தபோது, அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த நண்பர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் படுத்தவர் பழையபடி நடமாடவில்லை. ஒரு வருஷத்துக்குள் போய்விட்டார். ஒரு காலத்தில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கடலூர்ச் சாலையில் சுண்ணாம்பாறு பாலம் வரை மிதித்தவர். கால் வலுவெல்லாம் எங்கே போயிற்று என்ற கேள்வி என்னை விடவில்லை. பயன்படுத்தாத சதை கரையும், வயதானவர்களுக்கு இன்னும் சீக்கிரமாகக் கரையும் என்று மருத்துவர் சொன்னார். "நடங்க சார்" என்றார். நடந்தால் முழங்கால் வலிக்கிறதே என்றேன். "அப்படின்னா சைக்கிள் ஓட்டுங்க. உடம்பு எடையைச் சீட்டு தாங்கிக்கும். முட்டி மடங்கி நீளும், தொடைச் சதை பலப்படும். அந்தச் சதைதான் முட்டியைக் காப்பாத்தும்" என்றார். கிளம்புவதற்கு முன் இதயத்துக்கும் கண்ணுக்கும் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். செய்துகொண்டேன்.

வீட்டில்தான் பெரிய விவாதம். "விழுந்து இடுப்பு ஒடிஞ்சா உங்களாலயும் முடியாது, உங்களத் தூக்க என்னாலயும் முடியாது" என்றாள் என் மனைவி. நியாயமான பேச்சு. நண்பரின் வீட்டுக்கு அவளும்தான் வந்து பார்த்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் அவளே வழி சொன்னாள்: "காலைத் தூக்கிப் போடுற வண்டி வேண்டாம். பொம்பளப் பிள்ளைங்க ஓட்டுற வண்டியா வாங்குங்க. காலு ரெண்டும் தரையில எட்டணும்."

கடைக்காரர் "பேத்திக்கா சார்?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றேன். தெருவில் ஒரு வாரம் எல்லோருக்கும் நான்தான் பொழுதுபோக்கு. எதிர்வீட்டுத் தம்பி, "மாமா, முன்னாடி கூடை மாட்டலியா?" என்று கேட்டான். மறுநாளே கூடையும் மாட்டினேன். காய்கறி வாங்க அதைவிட வசதி வேறில்லை. நீச்சலும் சைக்கிளும் மறக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் உடம்புக்கு நினைவிருந்தாலும் சமநிலை கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால் முதல் பத்து நாள், வண்டி வராத சந்துகளில் மட்டும் ஓட்டினேன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் எனக்கு ஒரு நன்மை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் சைக்கிளைப் பற்றி எழுதியதைப் படித்து ரசிக்க முடியும். அவர்கள் சைக்கிளைச் 'சின்ன ராணி' என்று செல்லமாகச் சொல்வார்கள். அவர்களில் ரொபேர் மர்ஷான் என்று ஒரு பெரியவர். 1911இல் பிறந்தவர். தீயணைப்பு வீரர், லாரி ஓட்டுநர், மரம் வெட்டுபவர் என்று பல வேலை பார்த்தவர். இளமையில் விட்ட சைக்கிளை 65 வயதைத் தாண்டிய பிறகே மறுபடி தொட்டார். 2012இல், 100 வயதைக் கடந்தவராக, ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 2014இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர்! முதல் தடவையைவிட அதிகம். 2017இல் 105 வயதிலும் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். 2021இல் 109ஆம் வயதில் காலமானார்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இந்தச் சாதனையைவிட இதற்குப் பின்னால் நடந்த ஆய்வு. பிரெஞ்சு உடலியல் ஆய்வாளர்கள் அவரை 101 வயதிலும் 103 வயதிலும் சோதித்தார்கள். உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, வயது ஏற ஏறக் குறையும் என்றுதான் எல்லோரும் அறிவோம். அவருக்கு அது இந்த இரண்டு வருஷத்தில் சுமார் 13 சதவீதம் கூடியிருந்தது. அவர் செய்த பயிற்சி என்ன? பெரும்பகுதி, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, மெதுவாக, சுகமாக ஓட்டுவது. மீதி ஒரு பங்கு மட்டும் கொஞ்சம் முயன்று ஓட்டுவது. நமக்கு மர்ஷானின் உடல்வாகு கிடையாது. ஆனால் நூறு வயதுக்கு மேலும் உடம்பு பயிற்சிக்குப் பதில் சொல்லும் என்றால், எழுபதில் சொல்லாதா?

இன்னொருவர் போல் த விவி. வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர், 1930இல் மறைந்தார். நெடுந்தூரம் ஓட்டுவோருக்கு அவர் சில விதிகள் வகுத்தார். பசிக்கும் முன் கொஞ்சம் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் தண்ணீர் குடி, உடம்பை வருத்தி ஓட்டாதே என்பவை அவற்றில் சில. கடைசி விதி, வீண் பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பது. பெண்கள் சைக்கிளில் போகும் எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இனி எழுத்தர் புத்திக்கு வருகிறேன். ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கி நான்கு பத்தி கோடு போட்டேன்: தேதி, தூரம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, குறிப்பு. குறிப்புப் பத்தியில் 'ஊசுட்டேரியில் பறவைகள் வந்துவிட்டன', 'வில்லியனூர் வரை, இடையில் டீ' என்று ஏதாவது எழுதுவேன். மழை நாளென்றால் 'மழை'. காலியாக ஒரு வரி கிடந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இப்போது காலை ஐந்தரைக்கு என்னை எழுப்புவது அந்தப் பதிவேடுதான். மனத் திண்மை என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் பழைய பழக்கத்தையே புது வேலைக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

முதல் மாதம் நாளைக்கு 3 கிலோமீட்டர். இப்போது வாரத்தில் ஐந்து நாள் 10 முதல் 12 வரை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.1இலிருந்து ஒன்றரை வருஷத்தில் 6.9க்கு வந்தது. மாத்திரையை நான் நிறுத்தவில்லை. ஒன்றைக் குறைத்தவர் மருத்துவர். முழங்கால் புதிதாகிவிடவில்லை. ஆனால் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறுகிறேன். தூக்கம் வருகிறது. சாயங்காலம் மனைவியோடு சண்டை போடவும் தெம்பு இருக்கிறது.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. சீட்டு ரொம்பத் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நிற்கும்படி சீட்டை வைப்பது பொது முறை. தரையில் கால் எட்ட வேண்டும் என்பவர்கள் அதிலிருந்து கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சே வராத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் மிட்டாய் இல்லாமல் கிளம்பாதீர்கள். தலைக்கவசம், பின்னால் சிவப்பு விளக்கு, ஹேண்டில்பாரில் கண்ணாடி மூன்றும் வேண்டும். நாய் துரத்தினால் இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். சனி, ஞாயிறுகளில் நம் ஊர்ச் சாலைகள் நமக்குச் சொந்தமில்லை, சுற்றுலாக்காரர்களுக்குத்தான். அந்த இரண்டு நாளும் நான் நடந்துவிடுகிறேன். எலும்புக்கு அது தேவையும்கூட, ஏனென்றால் சைக்கிளில் எலும்பு எடை தாங்குவதில்லை. வயதானவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

'அமெச்சூர்' என்றால் அரைகுறை ஆட்டக்காரர் என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு விருப்பத்தோடு செய்பவர் என்றுதான் பொருள். சம்பளம் இல்லை, பதவி உயர்வு இல்லை, மேலதிகாரி இல்லை. பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறோம். வாழ்நாள் முழுக்கக் கடமைக்காக எழுந்தவர்களுக்கு, பிடித்ததற்காக எழும் காலைகள் கொஞ்சமாவது கிடைக்க வேண்டும். பெட்டிக்கடை வரை போனாலும் சரி, பாகூர் ஏரி வரை போனாலும் சரி, காற்றடித்து வையுங்கள்.