எது எங்க பாஷ?

செஞ்சிக் கோட்டையடியில் குடியிருக்கும் ஓர் இருளர் அம்மாவோடு, அவர் பிள்ளைக்குச் சாதிச் சான்று கேட்டுப் போயிருந்தேன். “இருளர்னா ஒங்க பாஷைல பேசு” என்றார் அதிகாரி. “இதாஞ்சாமி எங்க பாஷ.” “இது தமிழாச்சே!” மனு திரும்பிவிட்டது.

நீலகிரி இருளர் பேசுவது தனி மொழி. கமில் சுவெலபில் 1973இல் அதைப் பற்றி நூலே வெளியிட்டார். நான் படித்த எம்.ஏ. தமிழில் அதற்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கோ அதையும் தமிழுக்குள் போட்டு எண்ணியது. தலை எண்ணும்போது தமிழ். சான்று கேட்டால் மட்டும் தமிழாக இருக்கக் கூடாதாம். சமவெளி இருளர் தமிழ் பேசத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது.

வட ஆப்பிரிக்காவில், பிறர் ‘பெர்பர்’ என்று பேரிட்ட அமாசிக் மக்கள் போராடியதால் அவர்கள் மொழி மொராக்கோவில் 2011இல், அல்ஜீரியாவில் 2016இல் ஆட்சிமொழியானது. அந்த மொழியை இழந்து அரபு பேசுகிறவர்களிலும் ‘நாங்க அமாசிக்’ என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு.