முள்ளுக்குள்ளே ஒரு கறி

வாழைப்பூ ஆய்வதற்கே அலுத்துக்கொள்ளும் நாம், ஜோர்டான் நாட்டுப் பெண்கள் 'அக்கூப்' ஆய்வதைப் பார்த்தால் வாயே திறக்க மாட்டோம்! என் கணவர் உத்தியோக நிமித்தம் 2016-லிருந்து இரண்டு வருஷம் அம்மானில் குடியிருந்தோம். அங்கேதான் இந்தச் செடி எனக்குப் பழக்கமாயிற்று.

லெபனான், சிரியா, பாலஸ்தீனம், துருக்கி என்று அந்தப் பக்கத்து மலைகளில், கல்லும் பாறையுமான இடத்தில் தானாக முளைக்கிறது. நம் ஊர் பிரம்மதண்டு மாதிரி உடம்பெல்லாம் முள். ஆனால் சூரியகாந்திக் குடும்பமாம். 1700-ல் அங்கே பயணம் போன டூர்ன்ஃபோர் என்ற பிரெஞ்சுத் தாவர நிபுணர், தம்மோடு வந்த டாக்டர் குண்டெல்ஷைமரின் பெயரால் இதற்கு 'குண்டேலியா' என்று பெயர் வைத்தார். கோடையில் செடி காய்ந்து, அடியில் முறிந்து, காற்றில் உருண்டுகொண்டே விதையைச் சிதறும்.

எதிர் வீட்டுப் பாட்டிக்குப் பூர்வீகம் நாப்லஸ். மார்ச் பிறந்தால் போதும், அக்கூபைப் பை பையாக வாங்கிக்கொண்டு கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். இளந்தண்டும் விரியாத மொட்டும்தான் கறிக்கு, முற்றினால் கட்டைதான். ஒவ்வொரு முள்ளாக நறுக்கித் தள்ள வேண்டும். பால் வேறு வடிந்து பிசுபிசுக்கும். கடைசியில் பாதிகூடத் தேறாது. அவர்கள் ஆட்டுக்கறியோடு சமைப்பார்கள். எனக்காகப் பாட்டி அதை விட்டுவிட்டு, ஆலிவ் எண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கி, சோளமாவு கரைத்த தயிரை ஊற்றி, திரியாமல் கிளறிக்கொண்டே கொதிக்க விடுவார். அசப்பில் நம் மோர்க்குழம்புதான், போங்கள்!

பாட்டியின் தங்கை இருந்தது கலிலேயாவில். அங்கே 2005-ல் இஸ்ரேல் அரசு அக்கூபைப் பாதுகாக்கப்பட்ட செடியாக்கிவிட்டது. பறித்தால் அபராதம், வழக்கு. சின்ன வயசில் அம்மாவோடு ஏறின மலைக்குப் போகவே தங்கை பயந்தாராம். ஜுமானா மன்னா 2022-ல் எடுத்த 'ஃபோரேஜர்ஸ்' படம் இந்தச் சங்கடத்தைப் பற்றியதுதான்.

செடி அழியக்கூடாது என்பது நியாயமே. மொட்டையே வெட்டினால் விதை ஏது? வியாபாரத்துக்கென்று மூட்டை மூட்டையாக வாரினால் என்ன மிஞ்சும்? ஆனால் வேரை விட்டு அறுத்தால் மறு வருஷமும் துளிர்க்கும்; அதைப் பாட்டிக்கு அவர் அம்மாதான் சொல்லிக் கொடுத்தாராம். ஒரு வேளைக் கறிக்குப் பறிக்கிற கிழவியையும் வியாபாரியையும் ஒரே தராசில் நிறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டு உபயோகத்துக்குக் கொஞ்சம் பறிக்கலாம் என்று பிற்பாடு தளர்த்தினார்கள்.

அதற்கு முன்பெல்லாம் பாட்டி ஆய்ந்ததில் ஒரு பங்கை லேசாக வதக்கி, ஆறவைத்து, ஃபிரீசரில் தனியே வைத்திருப்பார். தங்கை எப்போது வந்தாலும் அதை எடுத்துத்தான் முதல் சமையல்.