35 டாலர் பல்பு

2023ல டல்லாஸ் வந்து இறங்கின ரெண்டாவது வாரம் கையில ஒரு கார்டு வந்துச்சு. மேல விசான்னு போட்டிருந்ததால கிரெடிட் கார்டு கிடைச்சிடுச்சுன்னு ரூம்மேட்கிட்ட பீத்திக்கிட்டேன். அது வெறும் டெபிட் கார்டு. அவன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்குது.

கணக்கு ஆரம்பிக்கும்போது பேங்க்ல தெளிவாத்தான் சொன்னாங்க. எந்த நாளும் 1500 டாலருக்குக் குறையக் கூடாது, இல்லைன்னா சம்பளம் நேரா கணக்குல விழணும். ரெண்டும் இல்லைன்னா மாசம் 12 டாலர். சம்பளம்தான் வரப்போகுதேன்னு தலையாட்டிட்டு வந்தேன். ஆபீஸ்ல முதல் ரெண்டு சம்பளத்தை செக்கா கையில கொடுத்துட்டாங்க. அது கணக்குல சேராதாம்!

இன்னொண்ணும் கேட்டாங்க. பணம் இல்லாதப்ப கார்டு தேய்ச்சா பேங்க் கொடுத்துட்டு, அதுக்குக் கட்டணம் போட சம்மதமான்னு. வேண்டாம்னேன். 2010லேர்ந்து இங்க சட்டம் அப்படி. ஏடிஎம்முக்கும், கடையில ஒரு தடவை தேய்க்கிறதுக்கும் நம்ம சம்மதம் இல்லாம ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட முடியாது. அப்பாடா, தப்பிச்சோம்னு நினைச்சேன்.

அந்த மாசம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இருந்ததை எல்லாம் வழிச்சு ஈரோட்டுக்கு அனுப்பிட்டேன். மிச்சம் 62 டாலர். சம்பளம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமையே 118 டாலர் கரண்ட் பில் தானா போயிடுச்சு. கணக்கு நம்பர் கொடுத்து ஆட்டோ பே போட்டு வெச்ச புத்திசாலி நான்தான். மைனஸ் 56. அதுக்கு மேல 35 டாலர் கட்டணம். ஙேன்னு முழிச்சேன். நான் வேண்டாம்னு சொன்னது கார்டுக்கு மட்டும்தானாம். செக்குக்கும், கணக்குலேர்ந்து தானா போற பில்லுக்கும் அது பொருந்தாது. மாசக் கடைசியில அந்த 12ம் சேர்ந்து மொத்தம் 47 டாலர். நம்ம காசுல கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய்.

வீட்ல சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். போன்ல வாய் தவறி உளறிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசலை.

"ஏன் கண்ணு, இருக்கறவங்கிட்ட புடிக்க மாட்டாங்களா? இல்லைங்கறதுக்குத்தான் காசா?"

பதில் இல்லை. இன்ஜினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம்?

"கேட்டுப் பாரு. கேட்டா என்ன கொறஞ்சா போயிருவ?"

எனக்குக் கூச்சம். பணம் இல்லாதவன்னு நினைச்சுட்டா? ரெண்டு நாள் தள்ளிப் போட்டுட்டு போன் பண்ணேன். முதல் தடவைதானேன்னு 35 டாலரைத் திருப்பிட்டாங்க. பத்தே நிமிஷம். 12 மட்டும் போனது போனதுதான்.

கிரெடிட் கார்டு கதை தனி. கடன் வாங்கின சரித்திரம் இல்லாதவனுக்குக் கடன் கிடையாதுன்னு ரெண்டு பேங்க் கையை விரிச்சாங்க. கடைசியில 300 டாலர் டெபாசிட் கட்டி செக்யூர்டு கார்டு வாங்கினேன். லிமிட்டும் அதே 300. மளிகை மட்டும் வாங்கி, மாசாமாசம் முழுசா கட்டினேன். ஸ்கோர் வரவே குறைஞ்சது ஆறு மாசப் பழைய கணக்கு ஒண்ணு வேணும். பொறுமைதான் மருந்து.

பெரிய பேங்குகளோட ஓவர்டிராஃப்ட் கட்டணத்தை 5 டாலருக்குள்ள கொண்டுவர 2024 டிசம்பர்ல ஒரு விதி போட்டாங்க. அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே, 2025 மே மாசம் அதை ரத்து பண்ணிட்டாங்க. சில பேங்குகள் தானாவே இந்தக் கட்டணத்தை எடுத்துட்டாங்க, பல பேர் எடுக்கலை. புதுசா வர்றவங்க கணக்கு ஆரம்பிக்கும்போதே இதைக் கேட்டுடுங்க. பேலன்ஸ் 200க்குக் கீழ போனா மெசேஜ் வர்ற மாதிரி வெச்சுக்கோங்க. கூச்சப்படாம போன் பண்ணுங்க.

கொசுறு: அம்மாவுக்கு இப்ப கண் நல்லா தெரியுது. வீடியோ கால்ல முதல்ல பார்த்தது என் தொப்பையைத்தான் :-)