பத்து வாளி
2024 ஜனவரி. சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலை. பினாங்கில் நான்கு நாள் தண்ணீர்த் தடை. 'சேமித்து வையுங்கள்' என்று வானொலியில் ஊருக்கே சொல்லிவிட்டு, ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்து தோங்கை அளந்தேன். அகலம் 56 சென்டிமீட்டர், உயரம் 80. கணக்குப் போட்டால் 788 லிட்டர்!

"தாராளமாப் புழங்கலாம்மா."

"இருபது லிட்டர் வாளியில பத்து வாளிதானே ஊத்தினேன்?" என்றார் அம்மா.

இரண்டாம் படிவம் படிக்கும் அக்கா மகள் எட்டிப் பார்த்தாள். "சித்தி, ஆரம் போடுற இடத்துல விட்டத்தைப் போட்டுட்டீங்க. ஆரம் 28தான். வர்க்கம் எடுக்கும்போது தப்பு நாலு மடங்காயிடும்."

22/7 × 28 × 28 × 80. ஏறக்குறைய 197 லிட்டர். அம்மாவின் பத்து வாளி.

என் 788-ஐ நான்கு நாளுக்குப் பிரித்தாலும் நாளுக்கு அதே 197. என்னை நம்பியிருந்தால் முதல் இரவே தோங் காலி.