ஆளா, காண்ட்ராக்டா?

போன ஆனி மாதம் எங்கள் தோட்டத்தில் தேங்காய் வெட்டு. எழுபது மரம். எப்போதும் வருகிறவர்தான், இருபது வருசப் பழக்கம். முதல் நாள் ராத்திரி தூறல் போட்டிருந்தது. கிணற்று மேட்டு மரத்தில் இருந்து இறங்கும்போது பாதியில் வழுக்கிவிட்டது. கீழே ஈரமண், அதனால் உயிர் தப்பியது. இடது காலில் எலும்பு முறிவு.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ‘நல்லவேளை, இவர் நம்ம ஆள் இல்லை, காண்ட்ராக்ட்தானே.’ சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் வந்தது.

அடுத்த நிமிசமே அந்த வார்த்தையை எங்கே கேட்டேன் என்று ஞாபகம் வந்துவிட்டது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், சித்திரை வெயிலில், என் கொட்டகையில் ஒரே மதியத்தில் நானூறு கோழி செத்துப்போனது. டவுனில் இருப்பவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாது என்பதால் சொல்கிறேன். கறிக்கோழி வளர்ப்பில் குஞ்சு கம்பெனியுடையது, தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு என்னுடையது. கிட்டத்தட்ட நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தின்ற தீவனத்துக்கு எடை வரவில்லை என்றாலோ, சாவு கூடினாலோ கூலி குறையும். என்றைக்குக் குஞ்சு இறக்குவது, என்றைக்குப் பிடிப்பது, திரையை எப்போது இறக்குவது, எல்லாம் அவர்கள் சொல்வதுதான். வீட்டுக்கு நாலு நாட்டுக்கோழி வளர்க்கக்கூட அனுமதி இல்லை.

செத்த கணக்குக்கு ஏதாவது பார்த்துப் போடுங்கள் என்று கேட்டேன். சூப்பர்வைசர் தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: “அண்ணா, அக்ரிமென்ட்டைப் பாருங்க. நீங்க தனி விவசாயி. எங்க ஆள் கிடையாதுங்க.” எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “நாட்டுக்கோழி வளர்க்கறதுக்கு மட்டும் நான் உங்க ஆளு, நட்டம்னா தனி விவசாயியா?” என்று சத்தம் போட்டேன்.

சித்திரையில் அவ்வளவு சத்தம் போட்டவன், ஆனியில் அதே பேச்சை என் மனசுக்குள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் மச்சானிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். குஜராத் பக்கம், கட்ச் ரண் ஓரத்தில் உப்பளம். அங்கே உப்பு விளைவிக்கிறவர்களுக்கு அகாரியா என்று பேர். ஆளுக்கு ஒரு பாத்தி. குடும்பத்தோடு வேலை செய்வார்கள், தேவைப்பட்டால் தங்கள் செலவில் கூடுதல் ஆள் வைத்துக்கொள்வார்கள். வருகைப் பதிவு இல்லை, நேரக் கணக்கு இல்லை, லீவு விதி இல்லை. விளைந்த உப்புக்கு மணங்குக்கு அஞ்சரை அணா. “இவங்க எல்லாம் காண்ட்ராக்டர், என் தொழிலாளி இல்லை” என்று முதலாளி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1956-ல் தீர்ப்பு வந்தது: அவர்கள் தொழிலாளிதான். கிணறு தோண்டுவதில் இருந்து உப்பு படியும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனியின் மேற்பார்வை இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதோடு எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கோர்ட் பார்த்தது. ஆள் வைத்துக்கொண்டாலும், தானே இறங்கி உழைக்கிறவன் தொழிலாளி என்றது.

இதைக் கேட்டுவிட்டு, தேங்காய்க்காரரையும் என்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் இருபது தோட்டத்துக்குப் போகிறவர். கயிறும் அரிவாளும் அவருடையது. எப்படி ஏற வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. மரத்துக்கு 40 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர் “இனிமே அம்பதுங்க” என்றார். தலையாட்டினேன். அவர் நிஜமாகவே தனி ஆள். என் கூலியை நான் ஒருநாளும் சொன்னதில்லை. காகிதத்தில் மட்டும்தான் நான் தனி.

என் அக்கா மகன் கோயமுத்தூரில் சாப்பாட்டு டெலிவரி ஓட்டுகிறான். அவனுக்குக் கம்பெனி வைத்த பேர் பார்ட்னர். வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, ரேட்டை மட்டும் செல்போன் சொல்கிறது. 2020-ல் போட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. இவனைப் போன்றவர்களின் நலனுக்காகக் கம்பெனிகள் வருச வரவுசெலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் கட்ட வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் அதே சட்டம் இவர்களை முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே என்றுதான் எழுதி வைத்திருக்கிறது.

என்னைக் கேட்டால், ஒருத்தரைத் தனி ஆள் என்று சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். விலையை யார் சொல்வது? அதை நீ சொல்லிவிட்டு, நட்டத்தை மட்டும் அவன் தலையில் கட்டினால் அது காண்ட்ராக்ட் இல்லை.

தேங்காய்க்காரரைப் பார்க்க ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். சட்டமெல்லாம் பேசினேன். சிரித்தார். “நான் யாருக்கும் ஆள் இல்லீங்க. அதெல்லாம் வேண்டாம். ஆனா கால் ஒடிஞ்சது உங்க மரத்துலதானுங்களே” என்றார்.

அதற்கு மேல் நான் என்ன பேச? ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டினேன். அவர் எழுந்து நடக்கும் வரை வீட்டுக்கு அரிசி போனது. தென்னை வளர்ச்சி வாரியத்தில் மரம் ஏறுகிறவர்களுக்கென்றே விபத்துக் காப்பீடு இருக்கிறது. இருபது வருசம் பழகியும் அதை விசாரித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அந்தப் பாரம் வாங்கி வந்திருக்கிறேன். கட்ட வேண்டிய பணம் என் பொறுப்பு.

கொட்டகையில் அடுத்த பேட்ச் குஞ்சு இறங்கிவிட்டது. அக்ரிமென்ட் மட்டும் மாறவில்லை.